மூன்று மானிட்டர், கேம், வீடியோ எடிட்டிங்: இன்னொரு கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பதா, ஒரே பெரிய கார்டு வாங்குவதா?

கேள்வி:

நண்பர்களே, வணக்கம். கார்டு வாங்குவதற்கு முன் ஒரு தெளிவு வேண்டும். இப்போது இருப்பது: ஐ5-12400, 32 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு (6 ஜிபி), 550 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 11. நடுவில் 27 இன்ச் 1440பி 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், டிஸ்ப்ளேபோர்ட்டில். வலப்பக்கம் எடிட்டிங்குக்காக ஒரு 4கே 60 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐயில். இடப்பக்கம் பழைய 1080பி ஒன்று, டிவிஐயில்.

4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. மவுஸ் பாயின்டர்கூட விட்டுவிட்டுத்தான் நகர்கிறது. கேமராவில் 4கே 4:2:2 10-பிட்டில் (நிறத் தகவல் அதிகமாகப் பதியும் வகை) எடுத்த வீடியோவை பிரீமியர் புரோ டைம்லைனில் போட்டால் திக்கித் திணறுகிறது. போதாக்குறைக்கு, நடுவில் கேம் ஓடும்போது பக்கத்து மானிட்டரில் ஒரு வீடியோ பார்த்தால் அதுவும் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது.

இதே 1660 சூப்பர் இன்னொன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பலம் கூடுமா? இல்லை, ஒரே பெரிய கார்டாக வாங்கிவிடலாமா? பின்னாளில் மூன்று 1440பி மானிட்டரை வரிசையாக வைத்து ரேஸ் கேம் ஆடும் ஆசையும் இருக்கிறது.

பதில் 1:

ரெண்டாவது 1660 சூப்பர் வேண்டவே வேண்டாம் ப்ரோ. அந்த கார்டுக்கு எஸ்எல்ஐ, அதாவது ரெண்டு கார்டைச் சேர்த்து ஒரே கேமை ஓட்டுற வசதியே கிடையாது. கேம் ஒரு கார்டுலதான் ஓடும், இன்னொண்ணு வெறும் மானிட்டர் செருகுற இடமாத்தான் இருக்கும். ஆறும் ஆறும் சேர்ந்து 12 ஜிபின்னும் ஆகாது. எஸ்எல்ஐ இருந்த கார்டுகளுக்கே 2021 ஜனவரியோட புது டிரைவர் புரொஃபைல் போடுறதை என்விடியா நிறுத்திடுச்சு. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில கார்டுகளை இணைக்கிற கனெக்டரையே எடுத்துட்டாங்க. ஏஎம்டியோட கிராஸ்ஃபயர் கதையும் அதேதான். பத்து வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு கார்டு போட்டது சரி, இன்னைக்கு அந்தக் காசைச் சேர்த்து ஒரே கார்டுல போடுங்க.

பதில் 2:

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் புதுக் கார்டு வாங்கும் முன்பே உங்கள் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் 30 ஹெர்ட்ஸ். உங்கள் கார்டில் இருப்பது எச்டிஎம்ஐ 2.0, அதில் 4கே 60 ஹெர்ட்ஸ் தாராளமாக வரும். 30-லேயே நிற்கிறது என்றால் இணைப்பு 1.4 அளவில் நடக்கிறது என்று அர்த்தம். மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். பல 4கே மானிட்டர்களில் எச்டிஎம்ஐ 1.4 / 2.0 என்று ஒரு தேர்வு இருக்கும், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 1.4-இல் வைத்திருப்பார்கள். அதை மாற்றியும் வரவில்லை என்றால் கேபிள் பழசு.

அடுத்து, அந்த வீடியோ ஃபைல் எந்த முறையில் சுருக்கப்பட்டது, எச்.264-ஆ, எச்.265-ஆ? மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். பதில் அதைப் பொறுத்துத்தான்.

கேட்டவர்:

நன்றி அண்ணா. மானிட்டர் மெனுவில் நீங்கள் சொன்ன தேர்வு இருந்தது, 2.0 ஆக்கியதும் 60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது! ஃபைல் எச்.265, 4:2:2, 10-பிட் என்று காட்டுகிறது.

பதில் 2:

நல்ல செய்தி. 1660 சூப்பர் எச்.265 10-பிட்டை வன்பொருளிலேயே பிரித்துவிடும் (டீகோட்), ஆனால் 4:2:0 அல்லது 4:4:4 என்றால்தான். 4:2:2 வந்தால் அந்த வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது. டைம்லைன் திணறுவது அதனால்தான். ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைகளிலும் இதே நிலைதான், 50 வரிசையில்தான் என்விடியா 4:2:2-ஐச் சேர்த்தது. ஆகவே 4080 வாங்கிப் போட்டிருந்தாலும் இந்த ஃபைல் அப்படியேதான் திணறியிருக்கும். கேம் பெஞ்ச்மார்க்கை மட்டும் பார்த்து எடிட்டிங்குக்குக் கார்டு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

உங்கள் பிராசஸர் 12400, எஃப் இல்லாத மாடல். அதற்குள் யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது. அதிலுள்ள வீடியோ பிரிக்கும் பகுதியான இன்டெலின் குவிக் சிங்க் 11-ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265 4:2:2 10-பிட்டைப் பிரிக்கும். தனிக் கார்டு செருகினால் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) ஐஜிபியூ மல்ட்டி-மானிட்டர் என்று இருப்பதை எனேபிள் செய்யுங்கள், இன்டெல் டிரைவரைப் போடுங்கள். பிறகு பிரீமியரின் பிரிஃபரன்சஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டீகோடிங்கில் இன்டெலை டிக் செய்து ஒருமுறை மூடித் திறங்கள். டாஸ்க் மேனேஜரில் இரண்டு ஜிபியூ தெரியும். டைம்லைனை ஓடவிட்டால் யுஎச்டி 730-இன் வீடியோ டீகோட் கோடு மேலே எழும்ப வேண்டும். எழும்பினால் வேலை முடிந்தது.

உங்கள் கேமராவில் எச்.264 4:2:2 தேர்வும் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதை இந்த உள் கிராபிக்ஸால் பிரிக்க முடியாது.

பதில் 3:

கேம் ஓடும்போது பக்கத்து வீடியோ தடுக்குவதற்கு நான் செய்வது இது. கேமில் பிரேம் வரம்பு வையுங்கள். கார்டு 99 சதவீதத்தில் ஓடும்போது பிரவுசர் கேட்கும் சின்ன வேலைக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. வழக்கமாக உங்களுக்கு 90 பிரேம் வருகிறது என்றால் 80-இல் நிறுத்திப் பாருங்கள். உள் கிராபிக்ஸை ஆன் செய்த பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் பிரவுசரைப் பவர் சேவிங்கில் போட்டால் அந்த வீடியோ வேலை இன்டெல் பக்கம் போய்விடும். கேம் கார்டுக்கு நிம்மதி.

இன்னொன்று. டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே கார்டு சூடாக இருக்கிறதா? 165-உம் 60-உம் கலந்து ஓடினால் கார்டின் மெமரி கிளாக் இறங்காமல் நிற்பது உண்டு. நடு மானிட்டரை 144 அல்லது 120-க்கு இறக்கினால் பல சமயம் இறங்கிவிடும்.

கேட்டவர்:

யுஎச்டி 730 எழுந்துவிட்டது, டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பக்கத்து வீடியோவும் சரியாகிவிட்டது. இதற்காகவா இன்னொரு கார்டு வாங்கப் பார்த்தேன் என்று இருக்கிறது, உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இருந்தாலும் புது கேம்களுக்கு 6 ஜிபி போதவில்லை, மூன்று மானிட்டர் ஆசையும் விடவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில் 2:

எத்தனை மானிட்டர் மாட்டியிருக்கிறோம் என்பதை விட, கேம் எத்தனை பிக்சல் வரைகிறது என்பதுதான் கணக்கு. பக்கத்தில் மெயிலும் பிரவுசரும் திறந்து வைத்திருப்பது கார்டுக்குப் பெரிய சுமையே இல்லை. ஒரு 1440பி என்றால் சுமார் 37 லட்சம் பிக்சல். மூன்றிலும் கேமை விரித்தால் 1.1 கோடி. ஒரு 4கே திரைக்கு 83 லட்சம்தான், அதைவிடவும் கனமான வேலை இது. அதற்கு 16 ஜிபி மெமரிக்குக் குறைந்து எதையும் யோசிக்காதீர்கள். மூன்றையும் ஒரே திரையாக இணைக்க என்விடியாவில் சரவுண்ட், ஏஎம்டியில் ஐஃபினிட்டி. சரவுண்டுக்கு மூன்றும் ஒரே ரெசல்யூஷன், ஒரே ரெஃப்ரெஷ் ரேட்டில் இருக்க வேண்டும். இப்போதிருக்கும் கலவை அதற்கு ஆகாது.

பிறகு போர்ட். எச்டிஎம்ஐ 2.0 உண்மையில் கடத்துவது நொடிக்கு 14.4 ஜிகாபிட். 4கே 60 ஹெர்ட்ஸை முழு நிறத்தில் 10-பிட்டாக அனுப்ப அது போதாது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கிட்டத்தட்ட 26 ஜிகாபிட் கடத்தும். நிறம் பார்த்து வேலை செய்கிற மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட்டே கொடுங்கள். மூன்று டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு எச்டிஎம்ஐயும் இருக்கிற மாடலாகப் பார்த்தால் உங்களுக்கு எந்த இழுபறியும் இருக்காது. ஒரே சிப்பில் வரும் மாடல்களிலேயே போர்ட் எண்ணிக்கை மாறும், வாங்கும் முன் பின்பக்கப் படத்தை எண்ணிப் பாருங்கள்.

என் தேர்வு என்று கேட்டால்: நடு மானிட்டரில் மட்டும் கேம் என்றால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. 180 வாட்தான் இழுக்கும். மூன்றிலும் ரேஸ் என்றால் 5070 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, இரண்டுமே 16 ஜிபி, இரண்டுமே 300 வாட் பக்கம். இவற்றுக்கு 750 வாட் சப்ளை கேட்கிறார்கள். எடிட்டிங்கும் பாதி வேலை என்பதால் நானாக இருந்தால் 5070 டிஐ பக்கம் போவேன். எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 அதிலேயே முடிந்துவிடும்.

பதில் 1:

550 வாட் சப்ளையில 5070 டிஐ மாட்டிப் பாக்குற ஆசை வேண்டாம் ப்ரோ, சப்ளையையும் சேர்த்து மாத்துங்க. கார்டுக்குக் கரண்ட் கொடுக்கிற 16-பின் கனெக்டரைக் கடைசி வரைக்கும் அழுத்திச் செருகணும், இடைவெளி துளிகூடத் தெரியக் கூடாது. கனெக்டர்கிட்டயே கேபிளை மடக்காதீங்க.

கேட்டவர்:

சரி, சப்ளையோடு சேர்த்தே வாங்குகிறேன். கடைசியாக ஒன்று: புதுக் கார்டில் டிவிஐ இருக்காதே, பழைய 1080பி மானிட்டர் என்னாவது?

பதில் 3:

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவிஐக்கு மாற்றும் சாதாரண அடாப்டர் போதும், 1080பி 60 ஹெர்ட்ஸுக்குப் பிரச்சினை இல்லை. விஜிஏ மட்டும் இருக்கிற மானிட்டராக இருந்திருந்தால் ஆக்டிவ் கன்வெர்ட்டர் தேவைப்பட்டிருக்கும். அடாப்டர் வாங்கும்போது அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், டிவிஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போவது வேறு சாமான், உங்களுக்கு உதவாது.