தடய அறிவியல் படிக்க ஆசை: பிணத்துக்குப் பயந்தவள் சேரலாமா?

மழைத்துளி (கேள்வி)

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். வேதியியல் என்றால் எனக்கு உயிர், கணிதம் சுமார்தான். தடய அறிவியலில் பட்டம் படிக்க வேண்டும் என்று ஒரு வருடமாகவே எண்ணம். வீட்டில் "முதலில் வேதியியல் படி, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். அந்தப் படிப்பில் உண்மையில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? இன்னொன்றையும் மறைக்காமல் கேட்டுவிடுகிறேன். பிணத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. நான் இதற்கு வரலாமா?

குடுவை

தாராளமாக வரலாம். நான் 14 ஆண்டுகளாக ஒரு தடய ஆய்வகத்தின் நச்சியல் பிரிவில், அதாவது உடலில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். உடற்கூறாய்வு செய்பவர்கள் மருத்துவர்கள். எங்கள் மேசைக்கு வருபவை முத்திரையிட்ட பாட்டில்கள்: ரத்தம், சிறுநீர், ஈரல் துண்டு. முதல் மாதம் வாடை சிரமப்படுத்தியது. பிறகு முத்திரை உடையாமல் இருக்கிறதா, எண் பொருந்துகிறதா என்பதிலேயே மனம் நின்றுவிட்டது.

என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதற்கு என் முதுகலை முதலாண்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அறையைக் குற்றம் நடந்த இடம்போல் அமைத்திருந்தார்கள். படம் எடுத்தோம், அளந்தோம், வரைபடம் போட்டோம். அதுவரை எதையும் தொடக் கூடாது. விலங்கு ரத்தத்தில் நனைத்த துணி ஒன்று என் பங்குக்கு வந்தது. அதை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக ஒட்டி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு குறையும் இல்லை என்றே நினைத்தேன். ஒரு வாரம் கழித்து ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பையைத் திறந்தார். துணி முழுவதும் பூஞ்சை. ஈரம் அடைபட்டால் நுண்ணுயிரிகள் பெருகி டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். துணியை உலர்த்திக் காகிதப் பையில் வைத்திருக்க வேண்டும். அவர் திட்டவில்லை. "ஒருவருடைய வழக்கில் இருந்த ஒரே தடயம் இதுவாக இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு பாடம் பீனால்ப்தலீன் சோதனை, ஒரு கறை ரத்தமாக இருக்கலாமா என்று பார்ப்பது. கறையைப் பஞ்சால் ஒற்றி, முதலில் பீனால்ப்தலீன் வினைபொருளை விட வேண்டும், அதன் பின்பே ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு விடும் முன்பே இளஞ்சிவப்பு வந்துவிட்டால் அந்த முடிவை ஏற்கக் கூடாது. முறைப்படி வந்தாலும் "இது ரத்தம்" என்று எழுத முடியாது, ஏனென்றால் சில காய்கறிச் சாறுகளும் அதே நிறத்தைத் தரும். "ரத்தமாக இருக்கலாம், உறுதிச் சோதனை தேவை" என்றுதான் எழுத வேண்டும். "இது" என்பதற்கும் "இருக்கலாம்" என்பதற்கும் இடையில் ஒரு மனிதரின் விடுதலை இருக்கிறது. என்னைக் கேட்டால், கல்லூரியில் கற்க வேண்டியவற்றில் தலையாயது இதுதான்.

வீட்டில் சொல்வதிலும் நியாயம் உண்டு. வேதியியலில் பட்டம் பெற்று, முதுகலையில் தடய அறிவியல் எடுத்தவள் நான். அடித்தளம் உறுதியாக இருந்ததால் எந்தக் கருவியின் முன்னும் தடுமாறவில்லை. நேரடிப் பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்றால், அந்தக் கல்லூரியில் செய்முறைக்கு வாரம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். விரல்ரேகையை ஒளிப்படத்தில் மட்டும் காட்டும் இடத்துக்குப் போகாதீர்கள்.

மூன்றாமாண்டு

கணிதம் சுமார் என்றதால் எழுதுகிறேன். அதைக் கைவிட்டுவிட வேண்டாம். தரையில் விழுந்த ரத்தத் துளியின் அகலத்தை நீளத்தால் வகுத்தால், அது வந்து மோதிய கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். அகலம் 4 மில்லிமீட்டர், நீளம் 8 என்றால் கோணம் 30 பாகை. இது எளிது. புள்ளியியல்தான் கடினம், டிஎன்ஏ ஒப்பீட்டின் முடிவே நிகழ்தகவாகத்தான் வரும்.

எங்கள் வகுப்பை உலுக்கிய வழக்கு ஒன்று. 2007-ல் ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் பல குற்றங்களிலும் கிடைத்திருந்தது. அவளைத் தேடோ தேடு என்று தேடினார்கள். 2009-ல்தான் உண்மை தெரிந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளிலேயே, அவற்றின் தயாரிப்பில் ஈடுபட்ட ஒரு பெண்ணின் டிஎன்ஏ ஒட்டியிருந்தது. கிருமி நீக்கம் செய்த குச்சிகள்தாம். ஆனால் கிருமியை நீக்கிவிட்டாலே டிஎன்ஏவும் அழிந்துவிடும் என்பதில்லை. அதிலிருந்து, எதையும் தொடாத வெற்றுக் குச்சி ஒன்றையும் சேர்த்துச் சோதிக்காமல் நான் எந்த முடிவும் எழுதுவதில்லை.

வன்தட்டு

கணினித் தடயவியலையும் யோசியுங்கள், பிணம் கண்ணில் படாது. அசல் வன்தட்டில் கை வைக்காமல், எழுதுவதைத் தடுக்கும் கருவி வழியாக நகல் எடுத்து, இரண்டின் ஹாஷ் மதிப்பும் (தரவிலிருந்து கணக்கிடும், விரல்ரேகை போன்ற ஓர் அடையாள எண்) ஒன்றுதானா என்று பார்த்த பிறகே வேலை தொடங்கும்.

மழைத்துளி

எல்லோருக்கும் நன்றி. குடுவை அக்கா, வேதியியலில் சேர முடிவு செய்துவிட்டேன். வகுப்பு தொடங்க இன்னும் 2 மாதம் இருக்கிறது. அதுவரை நான் என்ன செய்யலாம்?

குடுவை

ஒரு குறிப்பேடு வாங்குங்கள். தினமும் ஒரு பொருளை எடுத்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். தேதி, நேரம் கட்டாயம். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிடுங்கள். ஆய்வகத்தில் நாங்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகிறோம்.

மழைத்துளி

முதல் பதிவு: "காலை 7.40. மேசையின் இடது ஓரத்தில் ஒரு கண்ணாடிக் குவளை. உயரம் 11 சென்டிமீட்டர். விளிம்பில் 2 மில்லிமீட்டர் விரிசல். உள்ளே பாதி அளவு தண்ணீர்." சரியா, அக்கா?

குடுவை

விரிசலை அளந்தது நன்று. கடைசி வரியில் "தண்ணீர்" என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "நிறமற்ற திரவம்" என்று எழுதுங்கள். அது என்னவென்று நீங்கள் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.