உதவி தேவை: சேகரிப்பாளர் பெட்டிகளில் வந்த வட்டுகள் பழுதா, படமே அப்படித்தானா?

நிலாப்பயணி (கேள்வி)

வணக்கம். நெடுநாள் சேர்த்துவைத்த பணத்தில் சென்ற வாரம் மூன்று சேகரிப்பாளர் பெட்டிகளை வாங்கினேன். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ 4கே பதிப்பு ஒன்று, ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ மௌனப் படத்தின் 2010-இல் சீரமைக்கப்பட்ட நீண்ட வடிவம் (தடித்த அட்டைப் புத்தகத்தின் உள்ளுறைகளில் வட்டுகளைச் செருகிய ப்ளூ-ரே பதிப்பு) ஒன்று, வேறொரு பிராந்தியத்திலிருந்து வரவழைத்த 1950களின் பறக்கும் தட்டுப் படம் ஒன்று. மூன்றுமே பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. ஆனால் மூன்றிலும் ஏதோ கோளாறு இருப்பதாகப் படுகிறது.

‘2001’ வட்டைப் போட்டால் இசை கேட்கிறது, திரை முழுக் கறுப்பாகவே இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ கேபிளில்தான் சிக்கல் என்று எண்ணி, இரண்டாவது நிமிடத்திலேயே இருமுறை வட்டை வெளியே எடுத்துவிட்டேன். ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும் காட்சி திடீரென்று மங்கி, செங்குத்தான கீறல்கள் மழைபோல் விழுகின்றன. படமும் சற்றுச் சுருங்கி ஓரங்களில் கறுப்புப் பட்டை தெரிகிறது. சில நொடிகளில் மீண்டும் தெளிவாகிவிடுகிறது. அதே வட்டு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. மூன்றாவது பெட்டியில் 4கே வட்டு நன்றாக ஓடுகிறது, ஆனால் கூடுதல் காணொளிகள் உள்ள ப்ளூ-ரே வட்டைப் பிளேயர் ஏற்க மறுக்கிறது. திருப்பி அனுப்புவதற்கு இன்னும் சில நாட்களே உள்ளன. மூன்றையும் அனுப்பிவிடலாமா?

வட்டுக்காரன்

மூன்றையும் உடனே திருப்பி அனுப்புங்கள் என்பதே என் கருத்து. இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பெட்டியில் ஒரு புள்ளிக் குறைகூட இருக்கக் கூடாது. கெடு முடிந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சுருள்பெட்டி

நிலாப்பயணி அவர்களே, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு சிக்கல்களில் இரண்டு சிக்கல்களே அல்ல. அவற்றுக்காக வட்டை மாற்றினால், வரும் புதிய வட்டிலும் அச்சு அசலாக அதையே காண்பீர்கள்.

முதலில் ‘2001’. அந்தக் கறுப்புத் திரை படத்தின் ஒரு பகுதி. 1968-இல் இப்படம் பெரிய அரங்குகளில் வெளியானபோது, திரைச்சீலை மூடியிருக்க, பார்வையாளர்கள் வந்து அமரும் நேரத்தில் ஒலிப்பதற்காகவே முன்னிசை சேர்க்கப்பட்டது. நீங்கள் கேட்டது இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’. ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் அது கறுப்பின் மீதே ஒலிக்கும். அதன் பிறகுதான் தயாரிப்பு நிறுவனத்தின் இலச்சினை தோன்றும். நீங்கள் இரண்டாவது நிமிடத்தில் வட்டை எடுத்துவிட்டதால் அதைக் காணவில்லை. இடைவேளைக்குப் பிறகும் இதேபோல் கறுப்பில் இசை வரும், பெயர்ப் பட்டியல் முடிந்த பிறகும் ‘புளூ டானியூப்’ இசை இருளில் தொடர்ந்துகொண்டிருக்கும். அப்போதும் பிளேயரை அணைத்துவிடாதீர்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒருமுறை அந்த மூன்று நிமிடங்களையும் கேட்டுப் பாருங்கள்; முதல் பிம்பம் வரும்போது கிடைக்கும் அனுபவமே வேறு. அந்த 4கே வட்டில் 1968-இன் ஆறு தட ஒலிக்கலவையும் தனித் தெரிவாக உள்ளது. ஒலிப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நான் எப்போதும் அதில்தான் பார்க்கிறேன்.

அடுத்து ‘மெட்ரோபோலிஸ்’. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் பழுது என்று எண்ணியதுதான் அந்தப் பெட்டியின் மிகப் பெரிய செல்வம். 1927 ஜனவரியில் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட முழுப் படம் சில மாதங்களிலேயே வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டப்பட்ட பகுதிகள் என்றென்றைக்குமாகத் தொலைந்துவிட்டன என்றே பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2008-இல் புவெனஸ் ஐரிஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. அகலப் பிலிமில் ஒரு பிரதி அடையாளம் காணப்பட்டது. அர்ஜென்டினாவில் ஓடித் தேய்ந்த ஒரு 35 மி.மீ. பிரதியிலிருந்து சுருக்கிப் படியெடுக்கப்பட்டது அது. தொலைந்துபோன காட்சிகளில் பெரும்பாலானவை அதில் இருந்தன. அவற்றிலிருந்து ஏறத்தாழ 25 நிமிடங்கள் சேர்க்கப்பட்டு, 2010 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் சீரமைத்த வடிவம் திரையிடப்பட்டது. எந்தக் காட்சி எந்த இடத்தில் வர வேண்டும் என்பதைக் கண்டறிய, காட்சிக் குறிப்புகளோடு எழுதப்பட்டிருந்த இசையமைப்பாளர் ஹுப்பர்ட்ஸின் மூல இசைக்கோவை பெரிதும் துணைசெய்தது.

இப்போது உங்கள் கீறல்களுக்கு வருகிறேன். பிலிமின் மேற்பரப்பில் கீறல் இருந்தால் அதைக் கழுவியோ, திரவத்தில் நனைத்துப் படியெடுத்தோ பெருமளவு மறைத்துவிடலாம். ஆனால் இங்கே பழைய பிரதியின் கீறல்களும் கறைகளும் 16 மி.மீ.க்குப் படியெடுக்கும்போது பிம்பத்தோடு பிம்பமாகப் பதிந்துபோயின. நடிகரின் முகம் எப்படிப் படமாகியிருக்கிறதோ, அவ்வாறே அந்தக் கீறலும் படமாகிவிட்டது. டிஜிட்டல் முறையில் பாடுபட்டுக் குறைத்த பிறகு எஞ்சியிருப்பதைத்தான் நீங்கள் காண்கிறீர்கள். அந்தச் சுருக்கத்தில் சட்டகத்தின் ஓரமும் வெட்டுப்பட்டதால், சீரமைத்தவர்கள் பிம்பத்தை இழுத்துப் பெரிதாக்காமல் அதற்குரிய இடத்திலேயே வைத்து, இல்லாத பகுதியைக் கறுப்பாக விட்டிருக்கிறார்கள். எது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்வையாளர் அறியும்படி விட்டிருக்கும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. அப்போதும் கிடைக்காமல் போன இரண்டொரு காட்சிகளை இடையே வரும் எழுத்து அட்டைகளால் விளக்கியிருப்பதையும் கவனியுங்கள்.

வேறுபடுத்திப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கோடாக, புள்ளியாக, மங்கலாகத் தெரிந்து காட்சியோடு ஓடினால் அது பிலிம் சார்ந்தது. படம் சிறு சிறு சதுரங்களாக உடைந்தாலோ, உறைந்தாலோ, ஒலி துண்டு துண்டாக அறுந்தாலோ அது வட்டு அல்லது பிளேயர் சார்ந்தது. ஆகவே உங்கள் ஒன்றேகால் மணி நேர உறைதல் மட்டும் உண்மையான கோளாறு.

நிலாப்பயணி

மிக்க நன்றி ஐயா. இன்று முன்னிசையை முழுவதும் கேட்டேன். மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் கேபிளைப் பிடுங்கி மாட்டியிருக்க வேண்டியதில்லை. உறைதல் மட்டும் தொடர்கிறது. அதே இடம்தான். அங்கே சதுரங்கள் தெரிந்து, படம் நின்று, ஒலியும் அறுந்துவிடுகிறது. முன்னோக்கி ஓட்டித் தாண்டினால் ஓரிரு நிமிடங்கள் தடுமாறிவிட்டுப் பிறகு இறுதிவரை நன்றாக ஓடுகிறது. பிளேயரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தும் பயனில்லை.

தகடு ஆய்வாளர்

நண்பரே, நீங்கள் தந்த விவரம் மிகவும் உதவியாக இருக்கிறது. ஒரே வட்டில் பல வடிவங்களைத் தரும் பெட்டிகள் உண்டு. ‘குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்’ படத்தின் 1977, 1980, 1998 வடிவங்களை ஒரே வட்டில் அடக்கியது இம்முறைதான். ‘பிளேட் ரன்னர்’ படத்தின் 2007 பெட்டியிலும் மூன்று பழைய வடிவங்கள் ஒரே வட்டைப் பகிர்ந்துகொண்டன. அவற்றில் பொதுவான காட்சிகள் ஒருமுறை மட்டும் பதிவாகியிருக்கும். மாறுபடும் இடங்களில் பிளேயர் வேறு கோப்புக்குத் தாவ வேண்டும். சில பிளேயர்கள் அங்கே நொடிப்பொழுது தயங்கும், ஃபர்ம்வேர் புதுப்பித்தால் சரியாகும். உங்கள் ‘மெட்ரோபோலிஸ்’ ஒரே வடிவம் என்பதால் இந்தக் காரணம் பொருந்தாது.

பொருந்தக்கூடியது வேறு. இரண்டு அடுக்கு ப்ளூ-ரே வட்டில் முதல் அடுக்கை லேசர் நடுத்துளையின் அருகிலிருந்து வெளி விளிம்பை நோக்கிப் படிக்கும். விளிம்பை எட்டியதும் இரண்டாம் அடுக்குக்கு மாறி, அங்கிருந்து மையத்தை நோக்கித் திரும்பும். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்பது சரியாக நடுப்பகுதி, அதாவது லேசர் வெளி விளிம்பில் இருக்கும் நேரம். விளிம்பில் ஓர் அழுக்கு இருந்தால் முதல் அடுக்கின் கடைசி நிமிடங்களும் இரண்டாம் அடுக்கின் முதல் நிமிடங்களும் சேர்ந்து பாதிக்கப்படும், ஏனெனில் இரண்டு அடுக்குகளையும் லேசர் ஒரே மேற்பரப்பு வழியாகத்தான் பார்க்கிறது. உறைந்த இடத்தைத் தாண்டிய பிறகும் ஓரிரு நிமிடம் தடுமாறுகிறது என்று நீங்கள் எழுதியது இதனோடு ஒத்துப்போகிறது.

உங்கள் வட்டு அட்டை உள்ளுறையில் செருகப்பட்டிருந்தது அல்லவா? உறையை ஒட்டிய பசை சில வேளைகளில் மடிப்பில் கசிந்து உறைந்திருக்கும். வட்டை விளிம்பிலும் நடுத்துளையிலும் மட்டும் பிடித்து, மேசை விளக்கின் கீழே சாய்த்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒளி சறுக்கிச் செல்லும் கோணத்தில்தான் தெரியும்.

வட்டுக்காரன்

கறை இருந்தால் சிறிது பற்பசை தடவித் தேய்க்கலாமே. பழைய டிவிடி ஒன்றை நான் அப்படித்தான் மீட்டேன்.

தகடு ஆய்வாளர்

தயவுசெய்து ப்ளூ-ரே வட்டில் அதைச் செய்ய வேண்டாம். டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மி.மீ. ஆழத்தில் இருப்பதால், மேலே சற்றுத் தேய்த்து மெருகேற்ற இடமுண்டு. ப்ளூ-ரேயில் அது 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருக்கிறது, அந்த மெல்லிய படலத்தைக் காப்பதற்காக மேலே கடினமான பூச்சு ஒன்று இடப்பட்டிருக்கும். பற்பசையில் உள்ள நுண்துகள்கள் அந்தப் பூச்சை மங்கச் செய்தால் பிறகு மீட்க வழியில்லை. வெதுவெதுப்பான தூய நீர், அதில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம், மென்மையான மைக்ரோஃபைபர் துணி, இவை போதும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீண்டுவிடும், அதைப் பிளேயரின் பிழைதிருத்தம் ஈடுகட்டுவது கடினம்.

நிலாப்பயணி

கண்டுபிடித்துவிட்டேன்! நேராகப் பார்த்தபோது வட்டு கண்ணாடிபோல் பளபளத்தது. விளக்கின் கீழே சாய்த்துச் சுழற்றியபோதுதான், விளிம்பிலிருந்து நகக்கண் அளவு உள்ளே, கடுகில் பாதிகூட இல்லாத ஒளிபுகும் பசைத் துளி ஒன்றும், அதிலிருந்து வால்போல் நீண்ட மெல்லிய மங்கலும் தெரிந்தன. அட்டை உறைக்குள் விளக்கை அடித்துப் பார்த்தேன். அடி மடிப்பில் அதே பசை மணிமணியாகக் காய்ந்திருந்தது. வட்டை உள்ளே தள்ளும் ஒவ்வொரு முறையும் அதில்தான் உரசியிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி ஈரத் துணியை அந்த இடத்தில் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு அழுத்தாமல் வெளிநோக்கித் துடைத்தேன். மூன்றாவது முறை துளி கழன்றுவிட்டது. நன்கு உலரவிட்டு ஓட்டினேன். ஒன்றேகால் மணி நேரக் கட்டத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு சதுரம்கூட உடையவில்லை. கீறல் விழுந்த அர்ஜென்டினாக் காட்சி ஒன்று வந்தபோது, இம்முறை எழுந்து அருகே சென்று பார்த்தேன்.

இனி அந்த உறையிலேயே வட்டை வைக்கலாமா? மூன்றாவது பெட்டியின் ப்ளூ-ரே சிக்கலுக்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

சுருள்பெட்டி

மிகவும் மகிழ்ச்சி. அந்த உறையில் இனி வைக்காதீர்கள். அட்டையில் பசை இல்லாவிட்டாலும், அதன் நார் தேய்த்துக்கொண்டே இருக்கும். வட்டுகளைச் சாதாரண பிளாஸ்டிக் பெட்டியில் தனியே வைத்து, அட்டைப் புத்தகத்தை அதன் அருகில் நிறுத்துங்கள். என் அலமாரியில் எல்லா அட்டைப் பதிப்புகளும் இவ்வாறுதான் இருக்கின்றன. பசை கசிந்த உறையைப் படமெடுத்து விற்பனையாளருக்கு அனுப்பி, கெடு முடிவதற்குள் தகவலைப் பதிந்து வைப்பதும் நல்லது. வட்டு பின்னர் மீண்டும் தடுமாறினால் அந்தப் பதிவு கைகொடுக்கும்.

மூன்றாவது பெட்டியில் வட்டு பழுதில்லை. 4கே வட்டுகளுக்குப் பிராந்தியப் பூட்டு (குறிப்பிட்ட உலகப் பகுதியின் பிளேயர்களில் மட்டும் ஓடச் செய்யும் தடை) கிடையாது. ஆனால் அதே பெட்டியில் உடன் வரும் ப்ளூ-ரே வட்டுக்கு ஏ, பி, சி என்ற பிராந்தியப் பூட்டு இருக்கலாம். பெட்டியின் பின்புறம், கீழ் ஓரத்தில், அந்த எழுத்து சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் பிளேயரின் பிராந்தியத்தோடு அது பொருந்தாவிட்டால், எத்தனை முறை மாற்றி வாங்கினாலும் இதே மறுப்புதான் வரும். எல்லாப் பிராந்தியங்களையும் ஏற்கும் பிளேயர் ஒன்று மட்டுமே நேரான தீர்வு. வாங்குவதாக இருந்தால், நொடிக்கு 50 புலங்கள் (பாதிப் படங்கள்) கொண்ட பழைய தொலைக்காட்சிக் காணொளிகளையும் அது காட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடுதல் வட்டுகளில் உள்ள பழைய நேர்காணல்கள் பல அவ்வடிவில்தான் இருக்கின்றன.

நிலாப்பயணி

பெட்டியின் பின்புறம் பார்த்தேன். ‘பி’ என்று இருக்கிறது. என் பிளேயர் ‘ஏ’. படம் 4கே வட்டில் முழுமையாக ஓடுவதால் பெட்டியை வைத்துக்கொள்கிறேன், கூடுதல் காணொளிகள் புதிய பிளேயர் வாங்கும்வரை காத்திருக்கட்டும். உறையின் படத்தை விற்பனையாளருக்கு அனுப்பிவிட்டேன். சிக்கல் தீர்ந்தது, இழையை முடித்துக்கொள்ளலாம். அனைவருக்கும் நன்றி.