டல்லாஸ் வீட்டைப் பூட்டிவிட்டு மார்கழிக்கு வருகிறார்கள், குழாய் வெடிக்காமல் இருக்க என்ன செய்யணும்?

நங்கநல்லூர் தாத்தா:
மகன் போன வருடம் டல்லாஸ் பக்கம் சொந்த வீடு வாங்கினான். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு சென்னை வந்தால் பொங்கல் முடிந்துதான் திரும்புவார்கள், அதுவரை வீடு பூட்டித்தான் கிடக்கும். 2021 பிப்ரவரி குளிரில் அங்கே கரண்ட் போய், வீடு வீடாகப் பைப் வெடித்த கதையைச் சொல்லி நண்பர்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ குழாயை லேசாகச் சொட்ட விட்டுப் போனால் போதும் என்கிறாராம். வாரக்கணக்கில் சொட்ட விடுவதா? தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற எனக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை. பில் மிச்சம் என்று வீட்டைச் சூடாக வைக்கிற ஹீட்டரையும் அணைத்துவிட்டு வரப் போகிறானாம். அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் ஆஸ்டின், இப்போ வேளச்சேரி:
சார், முதலில் ஹீட்டரை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது, அதாவது நம் கணக்கில் சுமார் 13 டிகிரி. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவானதிலேயே குறைந்தது 13.9, அதனால் அவர்களுக்கு இது ஒன்றும் ஆடம்பரம் இல்லை.

சொட்ட விடுவது வீட்டில் ஆள் இருக்கும்போது ஓரிரு இரவைச் சமாளிக்கத்தான். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், ஆனால் பைப் பெரும்பாலும் ஐஸ் கட்டிய இடத்திலேயே உடையாது, அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் அழுத்தம் ஏறி உடைக்கும். சொட்டினால் அந்த அழுத்தம் இறங்கும், அவ்வளவுதான்.

பூட்டிய வீட்டுக்கு மெயின் வால்வை மூடுவதுதான் வழி. நம்மூரில் பைப் உடைந்தால் மாடி டேங்க் காலியானதும் நின்றுவிடும். அங்கே டேங்கே கிடையாது, ஊர் லைன் நேராக வீட்டுக்குள் வருகிறது, யாராவது மூடும்வரை கொட்டிக்கொண்டே இருக்கும். அதுவும் உறைந்திருக்கும்போது சத்தமே வராது, வெயில் வந்து ஐஸ் உருகின பிறகுதான் கூத்து. மெயினை மூடிவிட்டு மேல்மாடியிலும் ஆகக் கீழேயும் உள்ள குழாய்களைத் திறந்து வடிய விடட்டும், டாய்லெட் ஃப்ளஷ் டேங்கையும் ஒருமுறை காலி செய்யட்டும். வெந்நீர் டேங்க் கரண்டில் ஓடுவதாக இருந்தால் பிரேக்கரை அணைத்த பிறகுதான் வடிக்க வேண்டும், இல்லையென்றால் காயில் எரிந்துபோகும்.

நங்கநல்லூர் தாத்தா:
ரொம்ப நன்றி தம்பி. இப்போதான் போனில் கேட்டேன், மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை!

அம்பத்தூர் வால்வுக்காரன்:
அண்ணன் ஹூஸ்டனில் இருக்கிறார், அவர் வீட்டைப் பார்த்த அளவில் சொல்கிறேன். ரோட்டோரப் புல்லுக்குள் மூடி போட்ட மீட்டர் பெட்டி இருக்கும், அதற்குள் ஒரு வால்வு, அதைத் திருப்பத் தனிச் சாவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். சில வீடுகளில் கராஜ் சுவரிலோ வெளிச்சுவர் ஓரமாகவோ இன்னொரு வால்வும் உண்டு. இப்போதே ஒருதரம் மூடித் திறந்து பார்க்கட்டும், கிளம்புகிற அன்று இறுகிப்போய்க் கிடந்தால் ஃப்ளைட்டை விட வேண்டியதுதான்.

இன்னொன்று, தோட்டத்து ஸ்ப்ரிங்க்ளர் லைன் வீட்டு வால்வுக்கு முன்னாலேயே பிரிந்து போகலாம், அப்படியானால் வீட்டை மூடினாலும் அது அழுத்தத்தோடுதான் இருக்கும். அதற்கென்று வெளியே தரைக்கு மேல் நீட்டிக்கொண்டு பித்தளையில் ஒன்று நிற்கும், தண்ணீர் திரும்பி ஊர் லைனுக்குப் போகாமல் தடுப்பது. குளிரில் முதலில் பிளக்கிறவற்றில் அதுவும் ஒன்று. அதன் வால்வைத் தனியாக மூடி, வடித்து, துணி சுற்றி பிளாஸ்டிக் போட்டுக் கட்டணும். வெளிக்குழாயில் மாட்டிய ஹோஸைக் கழற்றணும், உறையாத வகைக் குழாய் என்று விற்கிறார்களே, ஹோஸ் மாட்டியே இருந்தால் அதுவும் உடையும், உள்ளே தண்ணீர் நின்றுவிடும். கூரைக்கு அடியில் பரண் மாதிரி இடத்தில் பைப் ஓடினால் நுரைக்குழல் சுற்றணும்.

ஊட்டிக்காரி:
எங்கள் ஊரில் உறைபனி இரவில் வெளியே கிடக்கிற ஹோஸ் காலையில் கட்டை மாதிரி விறைத்திருக்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும். ஊட்டியைப் பார்த்தவர்கள் டல்லாஸையும் அப்படி நினைத்துவிடக் கூடாது, 2021-ல் அங்கே மைனஸ் 19 வரை போனது.

முன்னாள் ஆஸ்டின், இப்போ வேளச்சேரி:
ஆமாம் மேடம். சார், வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாத வீட்டில் ஹீட்டர் ஓடியிருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கும், இல்லையென்றால் க்ளைம் கிடைக்காது. வால்வை மூடியதும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.