ஐபி போனில் ஒரு பக்கம் மட்டும் குரல்

கேள்வி: திருப்பூர்ல எங்க பனியன் கம்பெனியில ஆஸ்டரிஸ்க் சர்வர் (ஆபீஸ் கால்களை இணைக்கிற மென்பொருள் ஓடுற கம்ப்யூட்டர்), 12 ஐபி போன் (நெட் வழியா பேசுற போன்). புது ரவுட்டர் போட்டதிலிருந்து நாங்க பேசுறது பையருக்குக் கேட்குது, அவர் பேசுறது எங்களுக்குக் கேட்கல. நேத்து ஷிப்மெண்ட் தேதியை மெயில்லதான் வாங்கினோம். சங்கடமா இருக்கு.

பதில்: ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜி-யை (கால் தகவல்ல இருக்கிற முகவரியை ரவுட்டரே மாத்துற வசதி) அணைச்சுப் பாருங்க அண்ணா. அழைப்பை இணைக்கிறது எஸ்ஐபிங்கிற நெறிமுறை. குரல் ஆர்டிபிங்கிற இன்னொரு நெறிமுறை வழியா தனியா வரும். ஆபீஸுக்குள்ள மட்டும் செல்லுற உங்க உள் முகவரி 192.168-னு அப்படியே வெளியே போனா, அவர் குரல் வந்து சேராது.

பதில்: சர்வர்ல வெளி ஐபியை (நெட்ல தெரியுற உங்க முகவரியை) பதிஞ்சு, குரல் வர்ற யுடிபி 10000–20000 போர்ட்டை (ரவுட்டரோட எண் போட்ட வாசல்களை) சர்வருக்குத் திருப்பி விடுங்க. எஸ்ஐபி-க்கான 5060 போர்ட்டை எல்லாருக்கும் திறக்காதீங்க. ஹேக்கர்கள் உள்ள புகுந்து ராத்திரியோட ராத்திரியா வெளிநாட்டு கால் போட்டு பில்லை ஏத்திடுவாங்க.

கேட்டவர்: ஏஎல்ஜி அணைச்சதும் "ஹலோ" தெளிவா கேட்டுச்சு. ரொம்ப நன்றி தம்பி. 5060-ஐ இப்பவே பூட்டுறேன்.