சீனர் கோட்டா நிறைந்துவிட்டதாம், அப்பாவின் வீட்டை யாருக்கு விற்பது?

ஈசூன்_பையன்:

வீவக (சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு விற்ற அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நாங்கள் தமிழர்கள், ஈசூனில் எங்களுக்கு ஒரு நான்கறை வீடு. அப்பா அம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, அக்கா செங்காங்கில் இருக்கிறாள், அந்தப் பக்கமே சின்னதாக ஒன்று பார்த்துப் போய்விடலாம் என்று முடிவு. விளம்பரம் போட்டு நாலு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை ஒரு சீனத் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் அளவு நாடாவோடு வந்து, ஃப்ரிட்ஜ் எங்கே நிற்கும் என்று சமையலறையை அளந்தே பார்த்துவிட்டார். விலையும் கிட்டத்தட்ட படிந்துவிட்டது. வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அவர்களுடைய முகவர் போனைப் பார்த்துவிட்டு, "சாரி அங்கிள், இந்த புளோக்கில் சீனர் கோட்டா ஃபுல்" என்றார். ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், எந்த இனத்தவர் வீடு எவ்வளவு இருக்கலாம் என்று அரசாங்கம் வைத்திருக்கும் வரம்புதான் இந்தக் கோட்டா. எங்கள் முகவர் இதை முதல் நாளே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், அது தனிக் கதை.

அப்பாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. மேல்மாடி சீனர் இரண்டு மாதம் முன்னால் இன்னொரு சீனருக்குத்தான் விற்றார், நல்ல விலைக்கு. "அவர் விற்கலாம், நான் விற்கக் கூடாதா?" என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. இனப் பாகுபாடு வராமல் இருக்கத்தானே இந்தக் கொள்கை? கடைசியில் சிறுபான்மைக்காரன் பையில்தான் கை வைக்கிறது. நான் தப்பாக யோசிக்கிறேனா?

தெம்பனிஸ்_தாத்தா:

தம்பி, அப்பா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கோட்டா வந்த 1989க்கு முன்னால் இருந்ததையும் பார்த்தவன் நான். கம்பத்து (கிராமத்து) வீடுகளைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது எல்லாரும் கலந்துதான் இருந்தோம். மறுவிற்பனை சூடு பிடித்ததும் அவரவர் தங்கள் ஆட்கள் இருக்கும் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள், நம்மவர்கள் எங்கே சேர்ந்தார்கள் தெரியுமா, உங்கள் ஈசூனில்தான்! அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கு வேறு மாதிரி ஊராக இருந்திருக்கும்.

1964 ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய சீனர்-மலாய்க்காரர் கலவரத்தின்போது எனக்கு ஒன்பது வயது. அந்த மாதத்தில் மட்டும் 23 பேர் செத்தார்கள். ஊரடங்கு போட்ட ராத்திரிகளில் அம்மா விளக்கை அணைத்துவிட்டு எங்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த பயத்தோடு வளர்ந்த தலைமுறை போட்ட சட்டம் இது. 1989 மார்ச் 1 முதல் நடைமுறை. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் யார் என்று பாருங்கள், தனபாலன், நம்மவர்தான்.

இப்போது எங்கள் புளோக் கீழே ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் இழவு, அதே இடம், அதே பிளாஸ்டிக் நாற்காலி. என் பேரனுக்கு இதில் அதிசயமே தெரியவில்லை. இது தானாக வந்ததில்லை.

ஏஜெண்ட்_மணி:

தாத்தா சொன்னது வரலாறு, நான் வியாபாரக் கணக்கைச் சொல்கிறேன், பதினைந்து வருடமாக இதே வேலை.

இந்தக் கோட்டாவை வைத்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு புளோக்கில் சீனர் வீடுகள் 87 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வட்டாரம் முழுக்க 84. மலாய்க்காரர்களுக்கு 25, 22. இந்தியரும் மற்றவரும் சேர்ந்து முதலில் 13, 10 என்று இருந்தது, 2010ல் 15, 12 ஆக்கினார்கள். இப்போது உங்கள் அப்பா கேள்விக்கு வருகிறேன். சீனர் சீனருக்கு விற்றால் எண்ணிக்கை மாறாது, அதனால் கோட்டா நிறைந்திருந்தாலும் தடை இல்லை. அப்பா சீனருக்கு விற்றால் ஒரு சீனர் வீடு கூடுகிறது, அதனால் தடை.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் வாங்க வருகிறவர்கள் ஒரே அளவில் இல்லையே! ஊரில் சீனர்கள் 74 விழுக்காடு, இந்தியர் 9. இந்தியர் கோட்டா நிறைந்த புளோக்கில் ஒரு சீனர் விற்கப் போனால், வாங்க வரக்கூடியவர்களில் பத்தில் ஒருவர் போவார், அவர் கவலையே படமாட்டார். சீனர் கோட்டா நிறைந்த புளோக்கில் இந்தியர் விற்கப் போனால் நாலில் மூன்று பேர் போய்விடுகிறார்கள். மிச்சம் இருக்கும் ஒருவர் பேரம் பேசாமல் விடுவாரா? அவருக்கும் தெரியும் உங்களுக்கு வேறு வழியில்லை என்று. பாகுபாடு என்று எதைச் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது தம்பி, நஷ்டம் எங்கே விழுகிறது என்பது தெரியும்.

அரசாங்கமும் இதை மறுக்கவில்லை. 2022 மார்ச்சிலிருந்து, இந்தக் கோட்டாவால் விற்க முடியாமல் தவிப்பவர்களிடம் வீவகவே வாங்கிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. நிபந்தனைகள் உண்டு, எல்லாருக்கும் கிடைக்காது, ஆனால் விசாரியுங்கள். செங்காங்கில் ஏற்கெனவே வாங்கிவிட்டு இதை விற்கவேண்டிய கெடு ஓடிக்கொண்டிருந்தால் கூடுதல் அவகாசமும் கேட்கலாம். கோட்டா நிலவரம் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி மாறும். உங்கள் புளோக்கில் ஒரு சீனர் வேறு இனத்தவருக்கு விற்றுவிட்டால் உங்களுக்கு ஒரு இடம் திறக்கும். அடுத்த 1ஆம் தேதி காலையிலேயே பாருங்கள்.

உட்லண்ட்ஸ்_மதுரைக்காரன்:

நீங்கள் எல்லாம் விற்கிற கவலையில் இருக்கிறீர்கள், நான் வாடகைக்கு ஓர் அறை தேடி அலைந்தவன். வேலை பாஸில் வந்து ஆறு வருடம். முன்பெல்லாம் "இந்தியர் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே போடுவார்களாம், முகவர்கள் அப்படிப் போடக் கூடாது என்று வந்தபிறகு கேள்வி மாறிவிட்டது: "சமைப்பீர்களா?" வாரத்துக்கு ஒருமுறைதான் சமைப்பேன், அதுவும் ரசம், என்று ஒருவரிடம் மன்றாடியே இருக்கிறேன். பேரைக் கேட்டதும் "இப்போதுதான் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்றவர்கள் எத்தனை பேர்! விளம்பரம் மட்டும் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். இதில் வேடிக்கை, ஒரு வீட்டுக்காரர் இந்தியர்தான், இங்கேயே பிறந்தவர்.

2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது என்று படித்தேன். நல்லதுதான். ஆனால் அது இன வெறுப்பைத் தூண்டுகிறவனுக்கு. என்னை யாரும் திட்டவில்லையே, மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு இன, மதப் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆனால் அது அரசுக்குப் பொருந்தும், வாடகைக்கு விடும் அங்கிளுக்கு இல்லை. வீடு விற்பதில் புளோக் வாரியாக எண்ணுகிற அரசாங்கம் வாடகையில் மட்டும் ஏன் சும்மா இருக்கிறது?

சமோசா_ராஜா:

என் பக்கத்து அறைக்காரன் ரசம் வைத்தால் நானே கதவைச் சாத்துவேன். விளையாட்டுக்குச் சொன்னேன் மதுரை அண்ணே, உங்கள் கேள்வி சரியான கேள்வி.

நூர்_தாதி:

நான் தமிழ் முஸ்லிம், தாதி வேலை. மதுரை அண்ணன் தனியார் வீட்டுக்காரர்களைச் சொல்கிறார், எங்களுக்கு அரசாங்க விதியே தடையாக இருந்த காலம் ஒன்று உண்டு. பொது மருத்துவமனைகளில் சீருடையோடு தூடோங் (முஸ்லிம் பெண்கள் அணியும் முக்காடு) அணிய 2021 நவம்பர் 1 முதல்தான் அனுமதி. அதுவரை எம்ஆர்டி ரயிலில் தூடோங்கோடு போவேன், லாக்கர் அறையில் கழற்றி, குண்டூசிகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மடித்து வைப்பேன். வேலை முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வேன். பன்னிரண்டு வருடம். சீருடை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் நோயாளிகள் பாகுபாடு பார்க்க மாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். "எல்லாருக்கும் ஒரே விதி" என்று மணி அண்ணன் சொன்னாரே, அதைப் படித்ததும் அந்த டப்பாதான் ஞாபகம் வந்தது. மாறிய அன்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு சீனப் பாட்டி மட்டும் "மிஸ்ஸி, இன்றைக்கு அழகாக இருக்கே" என்றார்.

வேலைக்கு ஒரு சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியிருக்கிறது. இனம், மதம், மொழி, வயது, கர்ப்பம் இதையெல்லாம் வைத்து ஆளை ஒதுக்கக் கூடாது. ஆனால் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. என் தங்கைக்கு "மாண்டரின் பேசத் தெரியணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய இடங்கள் எல்லாமே அந்த அளவுக் கடைகள்தான்.

ஈசூன்_பையன்:

எல்லாருக்கும் நன்றி. மணி அண்ணே, உங்கள் கணக்கை அப்பாவுக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மனிதர் அதை எடுத்துக்கொண்டு நடைபாதை முழுக்க நடந்து, எந்த வாசலில் மாவிலை, எந்த வாசலில் ஊதுவத்தி, எந்த வாசலில் அரபு எழுத்து என்று எண்ணிவிட்டு வந்தார். "சரியாகத்தான் இருக்கு" என்றார், என்ன அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை. தாத்தா சொன்ன 1964 அவருக்கும் நினைவிருக்கிறது, அதனால் கொள்கையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நஷ்டத்தை ஏன் நான் மட்டும் சுமக்கணும், அரசாங்கம் பங்கு போட்டுக்கொள்ளட்டுமே என்கிறார். நூர் அக்கா எழுதியதை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஒரு மலாய்க் குடும்பம் பார்க்க வருகிறது. கோட்டாவை இந்தத் தடவை நானே பார்த்துவிட்டேன், இடம் இருக்கிறது. சீனத் தம்பதி சொன்னதைவிட முப்பதாயிரம் வெள்ளி (டாலர்) குறைத்துத்தான் கேட்கிறார்கள். 1ஆம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள், அதுவரை பிடித்து வைக்கலாமா, கொடுத்துவிடலாமா மணி அண்ணே?