இரண்டாம் வகுப்புப் பையனுக்குத் துப்பாக்கிப் பாடமா? (டென்னசி, அமெரிக்கா)

மீரா, பிராங்க்ளின்:
எல்லாருக்கும் வணக்கம். மகன் இரண்டாம் வகுப்பு. இந்த வருடம் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் உண்டு என்று பள்ளியிலிருந்து தாள் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் துப்பாக்கியே கிடையாது. தீபாவளிக்குப் பொட்டு வெடிக்கிற துப்பாக்கிகூட அவன் பார்த்ததில்லை. நிஜத் துப்பாக்கியை வகுப்புக்கே கொண்டுவந்து காட்டுவார்களா? "என் பையனுக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கலாமா? சும்மா இருக்கிற பிள்ளைக்கு நாமே ஆசை காட்டின மாதிரி ஆகிவிடாதா?

செந்தில், சட்டனூகா:
இந்தப் பாடம் டென்னசியில் 2024இல் போட்ட சட்டம், 2025-26 கல்வியாண்டிலிருந்து நடைமுறை. நிஜத் துப்பாக்கி, தோட்டா எதுவும் வகுப்புக்குள் வரக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது. கண்டால் தொடாதே, உடனே பெரியவரிடம் சொல், இதுதான் சாரம். வேண்டாம் என்று விலகிக்கொள்ள வழி வைக்கவில்லை. யூட்டா மாநிலத்தில் பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு, இங்கே இல்லை. என் மகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் துப்பாக்கி கேட்டு அழவெல்லாம் இல்லை 😀

கலா, மெம்பிஸ்:
குழந்தைகள் பிரிவில் நர்ஸ் நான். பாடம் நடக்கட்டும் மீரா, கெடுதல் இல்லை. அதை நம்பி நிம்மதியாக மட்டும் இருந்துவிடாதீர்கள்.

2001இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 8 முதல் 12 வயது வரை 64 பையன்கள். இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கவனித்தார்கள். அறையின் இழுப்பறையில் குண்டு போடாத நிஜக் கைத்துப்பாக்கி. 29 குழுக்களில் 21 அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் கையில் எடுத்தார்கள், 10 குழுக்களில் யாரோ ஒருவன் விசையையும் இழுத்துவிட்டான். அப்படித் தொட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏற்கெனவே துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிக் கேட்டுத் தெரிந்தவர்கள்!

நான்கைந்து வயதுப் பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறார்கள். "நில், தொடாதே, ஓடு, சொல்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். தனியாக விட்டால் செய்வதில்லை. நடித்துக் காட்டச் சொல்லி, தப்பு செய்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தினால்தான் ஓரளவு பதிகிறது.

அதனால் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டியது பெரியவர்கள். பூட்டியே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்த மாநிலத்தில் இல்லை. உங்கள் வீட்டில் இல்லை, சரி. அவன் விளையாடப் போகிற வீட்டில்?

மீரா:
அக்கா, அதைத்தான் யோசிக்கவே இல்லை. ஆனால் எப்படிக் கேட்பது? முகம் கொடுத்துப் பேசுகிறவர்களை "துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா" என்று கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்காதா? கணவர் கேட்கவே மாட்டார்.

ராஜா, நாக்ஸ்வில்:
துப்பாக்கி வைத்திருக்கிறவன் சொல்கிறேன், தாராளமாகக் கேளுங்கள். மான் வேட்டைக்குப் போகிறவன் நான். துப்பாக்கிகள் இரும்புப் பெட்டியில், குண்டு வேறு பெட்டியில், சாவி என்னிடம். என் பிள்ளைகளின் நண்பர்களுடைய அம்மா ஒருவர் கேட்டார், திறந்து காட்டினேன். கோபம் ஒன்றும் வரவில்லை. கோபப்படுகிற வீட்டுக்கு நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

கலா:
ராஜா சொல்வது சரி. மீரா, நேரில் கூச்சமாக இருந்தால் குறுஞ்செய்தி போதும். வேர்க்கடலை ஒவ்வாமை, நாய், நீச்சல் குளம் எல்லாம் கேட்போம் இல்லையா? அந்த வரிசையிலேயே "வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்று சேர்த்துவிடுங்கள். இருக்கிறதா இல்லையா என்ற விசாரணை வேண்டாம், பூட்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் ஆட்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான், "தமிழ்க்காரர்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

மீரா:
சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா இருக்கிறது. நாய் பற்றி எப்படியும் கேட்கணும், இதையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.