டீவா இப்போது வாங்கலாமா? கரகரவென்று சத்தம் வேறு வருகிறது, அவசரம்

மாலை_பேஸ்:
வணக்கம். யூ-ஹீ நிறுவனத்தின் டீவா வாங்கலாம் என்று யோசனை. 2011-இல் வந்த சாஃப்ட்வேர் சிந்த், அதாவது கணினியிலேயே ஓடும் சிந்தசைசர். இத்தனை வருடம் கழித்து அதைக் காசு கொடுத்து வாங்குவது சரியா என்று தெரியவில்லை. ஒருவர் தன் லைசன்ஸை விற்கிறார், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு பிரச்சினை, வாசிக்கும்போது நடுநடுவே கரகரவென்று ஒரு சத்தம். பாலிதீன் பையைக் கசக்குவது மாதிரி, ஒரு நொடி வந்து போய்விடும். மற்ற ப்ளகின்களில் (இசை மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் கருவிகள்) இல்லை. பழைய ப்ரோக்ராம் என்பதால் புதிய கணினியில் இப்படித்தான் இருக்குமா? டோன் அவ்வளவு பிடித்திருக்கிறது, விட மனசு வரவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

பஃபர்1024:
பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவு, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? டீவாவுக்கு 128 சாம்பிள் எல்லாம் போதாது. 512 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

வெள்ளி_நாதம்:
சகோ, விண்டோஸா மேக்கா? எந்த டிஏடபிள்யூ (பாட்டைப் பதிவு செய்யும் மென்பொருள்)? ஆடியோ இன்டர்ஃபேஸ் உண்டா, கணினியின் உள் சவுண்டா? சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஆயிரம் ஒலி மாதிரிகள்) 44.1-ஆ 48-ஆ? டீவாவில் அக்யூரசி, அதாவது ஒலியை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடுவது என்ற அமைப்பு, எதில் இருக்கிறது? ஒரு நோட்டுக்கே வருகிறதா, கார்டு (பல நோட்டுகள் சேர்ந்து) பிடித்தால்தானா? இது எதுவும் தெரியாமல் யார் என்ன சொல்ல முடியும்?

மூத்த_ஆசிலேட்டர்:
டீவா சிபியுவைச் சாப்பிடும் என்பது அது வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இங்கே தேடினாலே பதில் கிடைத்திருக்கும். வாங்குவதற்கு முன்னால் கையேட்டை ஒருமுறை படிப்பது நல்லது. அக்யூரசி என்றால் என்ன என்று தெரியாதவருக்கு இந்த சிந்த் எதற்கு என்பது என் கேள்வி.

மாலை_பேஸ்:
விண்டோஸ், ரீப்பர். இன்டர்ஃபேஸ் இருக்கிறது. பஃபர் 256. 512 வைத்தும் பார்த்தேன், அப்படியேதான் வருகிறது. வாங்கலாமா கூடாதா என்று யாராவது சொல்லுங்கள்.

பஃபர்1024:
அப்படியென்றால் 1024 வைத்துப் பாருங்கள். 44.1-இல் 256 என்றால் 5.8 மில்லி செகண்ட்தான். அதற்குள் கணினி அடுத்த துண்டு ஒலியைக் கணக்கிட்டு முடிக்க வேண்டும். முடியாவிட்டால் கரகரப்புத்தான் வரும்.

இரவுப்பறவை:
எனக்குப் பஃபர் மேல் சந்தேகம் இல்லை. விண்டோஸ் என்றாரே, அங்கேதான் விஷயம். வைஃபை ட்ரைவர் இடையில் புகுந்து சிபியுவை ஒரு கணம் பிடித்து வைத்துக்கொள்ளும். லேட்டன்ஸிமான் என்ற சோதனை ப்ரோக்ராமைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், எந்த ட்ரைவர் என்று பெயரோடு காட்டும். வைஃபையை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பவர் ப்ளானை ஹை பர்ஃபார்மன்ஸில் வையுங்கள். என் வீட்டில் இதே கரகரப்பு இரண்டு மாதம் படுத்தியது, கடைசியில் காரணம் ப்ளூடூத்.

வெள்ளி_நாதம்:
மற்ற ப்ளகின்களில் வரவில்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறார். வைஃபை என்றால் எல்லாவற்றிலும் வர வேண்டும் இல்லையா?

இரவுப்பறவை:
அவசியமில்லை. லேசான ப்ளகின் என்றால் கணினிக்கு மூச்சு விட இடம் இருக்கும், இடையூறு வந்தாலும் சமாளித்துவிடும். டீவா மாதிரி கனமானது ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வெள்ளி_நாதம்:
அதுவும் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். மாலை, அக்யூரசி பற்றி நீங்கள் சொல்லவே இல்லை. ட்ராஃப்ட், ஃபாஸ்ட், க்ரேட், டிவைன் என்று நான்கு நிலை உண்டு. ட்ராஃப்டில் வைத்து வாசித்துப் பாருங்கள். பக்கத்திலேயே மல்டிகோர் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதையும் போடுங்கள்.

அது ஏன் இவ்வளவு கனம் என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய மின்சுற்று சிந்த்களின் அனலாக் ஃபில்டரில் (ஒலியை வடிகட்டும் பகுதி) வெளியே வரும் சிக்னல் சுற்றிக்கொண்டு உள்ளேயும் போகும், அதுவும் அதே கணத்தில். பழைய டிஜிட்டல் ஃபில்டர்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றில் ஒரு சாம்பிள் தாமதம் வைத்துச் சமாளித்தன. அதனால் கட்ஆஃபை (எந்த உயரத்தில் வெட்டுவது) மேலே ஏற்றி ரெசொனன்ஸையும் (அந்த இடத்தைத் தூக்கிக் காட்டுவது) கூட்டினால் சுருதி நழுவும், குரல் மெலியும். டீவா அந்தத் தாமதத்தை வைக்காமல், ஒவ்வொரு சாம்பிளுக்கும் சமன்பாட்டை அங்கேயே தீர்க்கிறது. 2011-இல் இருந்த கணினிகள் டிவைனில் ஒரு கார்டு பிடித்தாலே திணறின. இன்றைய கணினிகள் அதைச் சாதாரணமாக ஓட்டுகின்றன. அதனால் "பழையது, வாங்கலாமா" என்ற கேள்விக்கு என் பதில், இந்த சிந்த்தை நிம்மதியாக வாசிக்கக்கூடிய காலமே இப்போதுதான் வந்திருக்கிறது.

புதுஅலை:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்த் இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தது. வைட்டல் சிந்த்துக்கும் இலவசப் பதிப்பு உண்டு, 2020-இல் வந்தது. இரண்டும் இருக்கும்போது 2011 சிந்த்துக்கு ஏன் காசு? வைட்டலில் எந்த மாடுலேஷன் (ஒலியைத் தானாக மாற்றும் அசைவு) எங்கே போகிறது என்று கண்ணுக்கு நேராக அசைந்து காட்டும். கற்றுக்கொள்பவருக்கு அதுதான் நல்லது.

வெள்ளி_நாதம்:
வைட்டல் வேவ்டேபிள் சிந்த், சேமித்த அலை வடிவங்களை வாசிப்பது. டீவா அனலாக் மாதிரி. இரண்டும் செய்யும் வேலையே வேறு. சர்ஜ் அருமையான கருவி, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் டீவாவில் ஒரு மினிமூக் வகை ஆசிலேட்டரை (அலையை உருவாக்கும் பகுதி) எடுத்து, அதோடு எம்எஸ்-20 வகை ஃபில்டரை மாட்டி (இரண்டும் பழைய அனலாக் சிந்த்கள்), ரெசொனன்ஸை முக்கால் வரை ஏற்றிவிட்டு ஒரே ஒரு கீழ் ஸ்தாயி நோட்டை அழுத்திப் பிடியுங்கள். கட்ஆஃபை மெல்லத் திருப்பும்போது அது கத்துவதற்குச் சற்று முன்னால் ஒரு கனைப்பு வரும். அது வேண்டும் என்பவருக்கு வேறு எதைக் கொடுத்தாலும் திருப்தி வராது.

ஜீரோ_டெஸ்ட்:
அனலாக் மாதிரி என்று சொல்வதெல்லாம் விளம்பரம். ஒரே மிடியை (எந்த நோட் எப்போது என்ற பதிவு) டீவாவில் இரண்டு முறை ரெண்டர் செய்தேன், அதாவது ஆடியோ ஃபைலாக்கினேன். ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி இன்னொன்றோடு சேர்த்தால் மௌனம்தானே வர வேண்டும்? வரவில்லை. நன்றாகவே சத்தம் கேட்டது. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு தராத ப்ளகினை நான் நம்ப மாட்டேன்.

மூத்த_ஆசிலேட்டர்:
அதைப் பிழை என்று நினைப்பதுதான் பிழை. ஆசிலேட்டர்கள் தம் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் விசையை அழுத்தும் கணத்தில் அலை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்து வரும். போதாதற்கு ட்ரிம்மர்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு வாய்ஸுக்கும் (ஒரு நோட்டை ஒலிக்கும் தனிச் சுற்று) தனித்தனிச் சிறு சுருதி விலகல் வைக்கலாம். பழைய இயந்திரங்களில் இரண்டு வாய்ஸ் அச்சாக ஒன்றுபோல் இருந்ததே இல்லை. அதைத்தான் அங்கே செய்திருக்கிறார்கள். அடிப்படை தெரிந்துவிட்டுச் சோதனை செய்யுங்கள்.

ஜீரோ_டெஸ்ட்:
அடிப்படை எனக்கும் தெரியும் ஐயா. நான் சொல்வது வேலை செய்கிற இடத்தின் கஷ்டம். மிக்ஸ் முடித்து அனுப்பிய பிறகு ஒரு சின்னத் திருத்தத்துக்காக மறுபடி ரெண்டர் செய்தால் கிக் ட்ரம்மோடு பேஸ் சேரும் விதம் மாறிவிடுகிறது. கீழ்ப் பகுதி ஒருமுறை தடிமனாக, மறுமுறை மெலிந்து வருகிறது. அதைக் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

வெள்ளி_நாதம்:
அது நியாயமான கஷ்டம். பேஸுக்கு, ஒவ்வொரு நோட்டிலும் அலையை ஒரே இடத்திலிருந்து தொடங்கும் (ஃபேஸ் ரீசெட்) வகை சிந்த்தை எடுங்கள், அல்லது பிடித்த டேக்கை ஆடியோவாக்கி வைத்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

சுருள்_நாடா:
நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பழைய சிந்த் வாங்கும்போது டோனைவிட அதைச் செய்தவர்கள் இன்னும் கவனிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு சிந்த் வாங்கினேன், பெயர் வேண்டாம். சில வருடத்தில் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்திவிட்டார்கள். கணினி மாற்றியபோது என் மூன்று பாடல்கள் திறக்கவே இல்லை, அந்த ட்ராக்குகள் வெறும் மௌனம். அந்தத் தந்தி வாத்திய ஒலியை மறுபடி என்னால் உருவாக்கவே முடியவில்லை, இன்றும் அந்த வலி உண்டு. 2015-இல் கேமல் ஆடியோவை ஆப்பிள் வாங்கியபோது அவர்களின் ஆல்கெமி சிந்த் ஆப்பிளின் லாஜிக் மென்பொருளுக்குள் போய்விட்டது, விண்டோஸில் அதை நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் ப்ரோக்ராம்களை நிறுத்தியபோது எத்தனை சிந்த் ஒரே நாளில் செத்தன!

வெள்ளி_நாதம்:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் டீவா தேறும். 64-பிட், விஎஸ்டி3, கிளாப் என்ற ப்ளகின் வடிவங்கள் உண்டு, ஆப்பிள் சிலிக்கான் சிப்களில் நேரடியாக ஓடும், லினக்ஸுக்கும் தருகிறார்கள். விண்டோ அளவைப் பெரிதாக்கலாம், எழுத்து கண்ணைக் குத்தாது. டாங்கிள் (லைசன்ஸுக்கான யூஎஸ்பி சாவி) கிடையாது, சீரியல் எண்தான். மாலை, இன்னொருவரிடம் வாங்குவதாக இருந்தால் லைசன்ஸ் நிறுவனம் வழியாக உங்கள் பெயருக்கு மாறியதா என்று உறுதி செய்துகொண்டு பணம் கொடுங்கள். வெறும் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மாலை_பேஸ்:
1024, ட்ராஃப்ட், வைஃபை ஆஃப், மல்டிகோர், எல்லாம் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு நோட் பிடித்தாலும் வருகிறது. ரீப்பர் மீட்டரில் சிபியு 4 சதவீதம் கூட இல்லை. தலை சுற்றுகிறது.

பஃபர்1024:
2048?

மெல்லிசை_மேசை:
இப்போதுதான் இழையைப் பார்த்தேன். பஃபரை விடுங்கள். ஒன்று செய்யுங்கள்: பத்து நிமிடத்துக்கு நீளமான நோட்டுகள் போட்டு, ரீப்பரில் ஃபைலாக ரெண்டர் செய்யுங்கள். அதுவும் முழு வேக ஆஃப்லைன் ரெண்டர். அதே நோட்டுகளை இன்னொரு முறையும் செய்து, இரண்டையும் கேளுங்கள். ஆஃப்லைன் ரெண்டரில் கணினிக்கு அவசரமே இல்லை, ஒரு துண்டுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருந்து எழுதும். சிபியுவோ, பஃபரோ, ட்ரைவரோ காரணமாக இருந்தால் ஃபைலில் கரகரப்பு இருக்கக் கூடாது.

மாலை_பேஸ்:
ஃபைலிலும் இருக்கிறது! ஆனால் இரண்டு ஃபைலிலும் வெவ்வேறு இடத்தில்.

மெல்லிசை_மேசை:
அப்படியானால் உங்கள் கணினி மேல் ஒரு குற்றமும் இல்லை. சத்தம் ப்ளகினுக்குள்ளிருந்தே வருகிறது. நீங்கள் வாசிப்பது டெமோவா?

மாலை_பேஸ்:
ஆமாம், இன்னும் வாங்கவில்லையே. வாங்கலாமா என்றுதானே கேட்டேன்.

மெல்லிசை_மேசை:
யூ-ஹீ டெமோக்களில் அப்படித்தான் சகோ. எல்லா வசதியும் திறந்திருக்கும், ஆனால் அவ்வப்போது, நேரம் காலம் இல்லாமல் ஒரு லேசான கரகரப்பைச் சேர்த்துவிடுவார்கள். சீரியல் எண் போட்டதும் போய்விடும்.

இரவுப்பறவை:
டெமோ என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கலாமே நண்பரே! ஆனாலும் லேட்டன்ஸிமான் ஒருமுறை ஓட்டிவிடுங்கள், நல்லதுதான்.

மூத்த_ஆசிலேட்டர்:
இதுவும் அவர்கள் தளத்தில் எழுதியிருக்கிறது. நானும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

புதுஅலை:
சர்ஜையும் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன்.

நான்கு நாள் கழித்து,

மாலை_பேஸ்:
பெயர் மாற்றம் முடிந்தது, சீரியல் போட்டேன், கரகரப்பு போய்விட்டது. அந்த எம்எஸ்-20 ஃபில்டர் கனைப்பு கேட்டேன், அப்புறம் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

வெள்ளி_நாதம்:
ரொம்ப சந்தோஷம். வாசிக்கும்போது ஃபாஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஆஃப்லைன் அக்யூரசியை பெஸ்ட் என்று மாற்றுங்கள். ரெண்டர் செய்யும்போது அதுவே உயர்ந்த தரத்துக்குப் போய்விடும்.